நட்சத்திர மண்டலங்களும் அவற்றின் வகைகளும்

இரவு வானத்தில் வெறுங்கண்ணுக்குத் தனித்தனியே புலனாகும் நட்சத்திரங்கள் அனைத்தும் ஒரே ஒரு மண்டலத்தைச் சேர்ந்தவை. சூரியனும் அம்மண்டலத்தில் அடங்கிய ஒரு சாதாரண நட்சத்திரமே. பத்தாயிரம் கோடிக்குக் குறையாத நட்சத்திரங்களும், அவற்றினிடையே பரவிய வாயுவும் தூசியும், எந்தக் கருவிக்கும் நேரே புலனாகாத இருட்பொருளும் தம்முள் ஈர்ப்பு விசையால் கட்டுண்டு நிற்கும் இத்தகைய தொகுதியை வானநூலார் காலக்ஸி, அதாவது நட்சத்திர மண்டலம், என்று வழங்குகின்றனர். சூரியன் அடங்கிய மண்டலத்திற்குத் தமிழில் பால்வீதி என்றும் ஆகாச கங்கை என்றும் பெயர். இதைப் போன்ற மண்டலங்கள் பல்லாயிரங்கோடி உள்ளன.

தொலைவுகளின் அளவு

ஒளி ஓராண்டில் செல்லும் தொலைவு ஓர் ஒளியாண்டு. அது சுமார் 9½ லட்சம் கோடி கிலோமீட்டர். பால்வீதியின் விட்டம் ஏறத்தாழ 1 லட்சம் ஒளியாண்டு. இத்தகைய எண்களை மனத்தில் இருத்துவது கடினம். ஆகையால் ஓர் உருவகப் படத்தை அமைத்துக் கொள்வது பயன் தரும்.

தில்லியில் அரசாங்க ஊழியர் குடியிருப்புகள் நிறைந்த பகுதியாகிய மோதி பாகில், 1 கிலோமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டம் வரைந்து, அதுவே பால்வீதி எனக் கொள்க. அப்பொழுது ஓர் ஒளியாண்டு 1 சென்டிமீட்டராகச் சுருங்கும். சூரியன் வட்டத்தின் நடுவிலிருந்து சுமார் 260 மீட்டர் தள்ளி நிற்கும். நெப்டியூனின் பாதை வரையுள்ள சூரியக் குடும்பம் முழுவதும் ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கினுள் அடங்கிவிடும். சூரியனுக்கு மிக அண்மையிலுள்ள வேறு நட்சத்திரம் 4 சென்டிமீட்டருக்குச் சற்று அப்பால் இருக்கும்.

பால்வீதிக்கு அண்மையிலுள்ள பெரிய மண்டலமாகிய ஆண்ட்ரோமீடா 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. மேற்கூறிய படத்தில் அது 25 கிலோமீட்டர். மோதி பாகிலிருந்து பரீதாபாத் வரையுள்ள தொலைவை ஒத்தது. கன்னி ராசியின் திசையில் தோன்றும் மண்டலக் கூட்டம் 540 கிலோமீட்டர் தொலைவில், லக்னோவுக்கும் அப்பால் அமையும். நட்சத்திரங்களின் பருமனோடு ஒப்பிட்டால் அவற்றிடையே உள்ள வெளி அளவிறந்தது. மண்டலங்களின் பருமனோடு ஒப்பிட்டால் அவற்றிடையே உள்ள வெளி அத்தனை பெரிதன்று. மண்டலங்கள் ஒன்றோடொன்று மோதுவதற்கு இதுவே காரணம்.

கார்த்திகை மாதத்தில் இரவு ஒன்பது மணியளவில் ஆண்ட்ரோமீடா தில்லியில் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். இருள் சூழ்ந்த கிராமங்களில் அது வெறுங்கண்ணுக்கு மங்கிய திட்டாகத் தென்படும். தெருவிளக்கும் புகையும் தூசியும் மலிந்த மோதி பாகிலோ, வானம் தெளிந்த இரவிலும் அதனைக் காண பைனாகுலர் வேண்டும்.

தீர்க்கப்பட்ட ஒரு வாதம்

நூறாண்டுகளுக்கு முன்னர், இத்திட்டு பால்வீதிக்கு உள்ளே இருக்கும் வாயு மேகமா, வெளியே இருக்கும் தனி மண்டலமா என்பது முடிவாகவில்லை. 1920-ஆம் ஆண்டு ஏப்ரலில் வாஷிங்டனில் ஷாப்லி, கர்ட்டிஸ் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் இது குறித்து வாதிட்டனர். பால்வீதி மிகப் பெரியது, திட்டுகள் அதற்கு அயலான பெருமண்டலங்கள் அல்ல என்பது ஷாப்லியின் கட்சி. அவை தனித்தனி மண்டலங்களே என்பது கர்ட்டிஸின் கட்சி. தொலைவை அளந்தாலன்றி வாதம் தீர வழியில்லை.

தொலைவை அளக்கும் முறை எளியது. ஒரு வீதியிலுள்ள விளக்குகள் யாவும் ஒரே திறனுடையவை எனில், இருமடங்கு தொலைவிலுள்ள விளக்கு நான்கில் ஒரு பங்கு ஒளியுடனும், மும்மடங்கு தொலைவிலுள்ளது ஒன்பதில் ஒரு பங்கு ஒளியுடனும் தோன்றும். ஆகவே, விளக்கின் உண்மைத் திறன் தெரிந்தால், தோற்ற ஒளியிலிருந்து தொலைவைக் கணக்கிடலாம். செஃபீடு என்னும் வகை நட்சத்திரங்கள் ஒழுங்கான கால இடைவெளியில் ஒளி கூடியும் குறைந்தும் விளங்குபவை. அவ்விடைவெளி நீள நீள, உண்மைத் திறனும் மிகும் என்பதை ஹென்ரியட்டா லெவிட் என்னும் அம்மையார் 1912-இல் நிலைநாட்டினார். வானநூலாருக்குத் திறன் தெரிந்த விளக்கு இவ்வாறு கிட்டிற்று.

1923-ஆம் ஆண்டு அக்டோபரில் எட்வின் ஹப்புள், மௌண்ட் வில்சன் ஆராய்ச்சி நிலையத்தின் 100 அங்குலத் தொலைநோக்கியால் எடுத்த படத்தில் ஆண்ட்ரோமீடாவினுள் ஒரு செஃபீடைக் கண்டார். அவர் கணக்கிட்ட தொலைவு சுமார் 9 லட்சம் ஒளியாண்டு. ஷாப்லி கொண்ட பால்வீதியின் விட்டமே 3 லட்சம் ஒளியாண்டுதான். எனவே ஆண்ட்ரோமீடா தனி மண்டலம் என்பது உறுதியாயிற்று. செஃபீடுகளில் இரு வகை உண்டென்பதை 1952-இல் வால்ட்டர் பாடே வெளியிட்டபின் இத்தொலைவு இருமடங்குக்கு மேல் உயர்ந்தது.

வகைகள்

ஹப்புள் 1926-இல் மண்டலங்களைத் தோற்றத்தைக் கொண்டு வகுத்தார். பின்னர் 1936-இல் அவர் விரித்தமைத்த படம் இசைக்கவையின் வடிவுடையது. அதன் பிரிவுகள் பின்வருமாறு:

1. நீள்வட்ட மண்டலங்கள்: வட்டம் முதல் நீண்ட முட்டை வரை வடிவுடையவை. தட்டைத்தன்மைக்கு ஏற்ப 0 முதல் 7 வரை எண் இடப்படும். குளிர்ந்த வாயு இவற்றில் மிகக் குறைவு. ஆதலால் புதிய நட்சத்திரங்கள் அரிதாகவே பிறக்கின்றன. முதிய நட்சத்திரங்கள் மிகுந்திருப்பதால் நிறம் செம்மை சார்ந்தது. கன்னிக் கூட்டத்தின் எம்-87 இவ்வகையது. அதன் நடுவிலுள்ள, சூரியனைப்போல் சுமார் 650 கோடி மடங்கு நிறையுடைய கருந்துளையின் நிழற்படம் 2019-இல் வெளியாயிற்று.

2. சுருள் மண்டலங்கள்: நடுவில் புடைப்பும், அதனைச் சுற்றித் தட்டும், தட்டில் சுருண்ட கைகளும் உடையவை. கைகளில் வாயுவும் தூசியும் செறிந்து, நீல நிறமுள்ள இளம் நட்சத்திரங்கள் பிறக்கின்றன. ஆண்ட்ரோமீடா இவ்வகையது.

3. பட்டைச் சுருள் மண்டலங்கள்: நடுவே ஒரு நேர்ப்பட்டை அமைந்து, அதன் முனைகளிலிருந்து கைகள் கிளம்புபவை. பால்வீதி இவ்வகையைச் சேர்ந்தது.

4. வில்லை மண்டலங்கள்: தட்டு உண்டு, சுருள் கைகள் இல்லை. கவையின் பிடியும் கிளைகளும் கூடுமிடத்தில் இவை வைக்கப்பட்டன.

5. ஒழுங்கற்ற மண்டலங்கள்: திட்டமான வடிவம் இல்லாதவை. மெகல்லன் மேகங்கள் இரண்டும் இவ்வினத்தில் வைக்கப்பட்டன. தென் துருவத்தை அடுத்திருப்பதால் இவை தில்லியில் ஒருபோதும் உதிப்பதில்லை. கன்னியாகுமரியில் தென் அடிவானத்தை ஒட்டித் தாழ எழும்.

இவ்வரிசையை வளர்ச்சியின் வரிசையாகக் கொள்வது தவறு. நீள்வட்ட மண்டலம் நாளடைவில் சுருளாக மாறுவதில்லை. மாறாக, இரு சுருள் மண்டலங்கள் மோதி இணைந்தால் தட்டுகள் குலைந்து நீள்வட்ட மண்டலம் உருவாகலாம்.

விரிவும் இந்திய ஆராய்ச்சியும்

தொலைவிலுள்ள மண்டலங்களின் ஒளி நிறமாலையின் சிவப்பு முனைப்பக்கம் பெயர்ந்து காணப்படுகிறது. 32.6 லட்சம் ஒளியாண்டுத் தொலைவிற்கு, நொடிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வீதம் அவை விலகிச் செல்கின்றன. 1929-இல் ஹப்புள் வெளியிட்ட இவ்விதியிலிருந்து பிரபஞ்சம் விரிந்து வருகிறது என்பது பெறப்படும். அது ஒரு காலத்தில் தொடங்கியதா, அன்றி என்றும் ஒரே தன்மையாய் இருப்பதா என்பது அடுத்து எழுந்த வினா.

இவ்வினாவுக்கு விடை காண்பதில் உதகமண்டலமும் பங்கு கொண்டது. அங்கே 1970-இல் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள ரேடியோ தொலைநோக்கி முற்றுப்பெற்றது. உதகையின் அட்சரேகை சுமார் 11 பாகை. அதே சாய்வுள்ள மலைச்சரிவில் அமைக்கப்பட்டதால், கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாயிற்று. அதனை ஒரே அச்சில் சுழற்றி வானப்பொருளை மணிக்கணக்கில் தொடர்ந்து நோக்கலாம். ரேடியோ மண்டலங்களைச் சந்திரன் மறைக்கும்போது அலைகள் குன்றும் விதத்திலிருந்து அவற்றின் கோண அளவு கணிக்கப்பட்டது. ஸ்வரூப், விஜய் கபாஹி ஆகியோர் 1975-இல் வெளியிட்ட முடிவுகள், பிரபஞ்சம் காலத்தோடு மாறி வந்துள்ளது என்னும் கொள்கைக்கு ஆதரவாயின.

2017-இல் புனேயிலுள்ள பல்கலைக்கழகங்களிடை வானியல் மையத்தின் விஞ்ஞானிகளும் பிறரும், சுமார் 400 கோடி ஒளியாண்டுத் தொலைவில் மண்டலக் கூட்டங்கள் பல சேர்ந்த பெருங்கூட்டம் ஒன்றைக் கண்டறிந்து அதற்கு சரஸ்வதி என்று பெயரிட்டனர். மோதி பாக் படத்தில் அத்தொலைவு 40,000 கிலோமீட்டர். பூமியை ஒருமுறை சுற்றுவதற்குச் சமம்.

2025-இல் புனே தேசிய ரேடியோ வானியல் மையத்தின் ராஷி ஜெயின், யோகேஷ் வாடதேகர் ஆகியோர், ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களில் இரு தெளிவான கைகளையுடைய சுருள் மண்டலம் ஒன்றைக் கண்டு, இமயத்து ஆற்றின் பெயரால் அலக்நந்தா என அழைத்தனர். பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டு. அலக்நந்தாவின் ஒளி புறப்பட்டபோது அதன் வயது 150 கோடி ஆண்டே. ஒழுங்கான தட்டும் கைகளும் அமைய நெடுங்காலம் வேண்டும் என்று கருதப்பட்டு வந்தது. அவ்வளவு இளம் பருவத்தில் அவை எங்ஙனம் அமைந்தன என்பதே இப்போது விடை வேண்டும் வினா.

பயிற்சி

மண்டலங்களை வகைப்படுத்தப் பெரிய கருவி தேவையில்லை. பழகிய கண் போதும். 2007-இல் தொடங்கிய காலக்ஸி ஸூ என்னும் திட்டத்தில் பொதுமக்களே படங்களைப் பார்த்து ஏறத்தாழ 9 லட்சம் மண்டலங்களை வகுத்தனர். மோதி பாகிலுள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி போன்ற பள்ளிகளின் மாணவர்களும் இருபது படங்களைத் திரட்டி இதனைச் செய்து பார்க்கலாம். கைகள் உண்டா, பட்டை உண்டா, நிறம் நீலமா செம்மையா என்று ஒவ்வொன்றிற்கும் குறித்து, இருவர் தனித்தனியே எழுதிய பட்டியல்களை ஒப்பிடுக. இருவரும் வேறுபடும் படங்களையே மீண்டும் ஆராய வேண்டும். பக்கவாட்டில் தோன்றும் சுருள் மண்டலம் வில்லைபோல் காட்சி தருவது இவ்வேறுபாட்டிற்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.