மார்கழி வெந்நீருக்கு எத்தனை யூனிட்?

கொல்லைப்புறத்துச் செம்பு பாய்லரை நினைவிருக்கிறதா? நடுக்குழாயில் கரி கனலும்; சுற்றிலும் தண்ணீர். சூடு வெளியே போக வழி குறைவு. இன்று காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில் விடியலில் குளித்துவிட்டுத் தறியில் உட்காருகிறவருக்கு வெந்நீர் தருவது கீசர். அதிலும் காயில் தண்ணீருக்குள்தான் இருக்கிறது. பிறகு மின்சாரம் எங்கே வீணாகிறது?

முதலில் கணக்கு. மார்கழியில் தொட்டித் தண்ணீர் 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 15 லிட்டர் வாளி ஒன்றை 40 டிகிரிக்குக் கொண்டுவர கால் யூனிட்டுக்குச் சற்று மேலே செலவாகும். நாலு பேருக்கு ஒரு யூனிட். இரண்டு மாதத்தில் 60 யூனிட்டுக்கு மேல். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதில் பாதிக்கு மேல் குளியலுக்கே சரி! குளியலுக்கு இந்தக் கணக்குக்கு மேல் ஏறும் ஒவ்வொரு யூனிட்டையும் மிச்சம் பிடிக்கலாம்.

தெர்மோஸ்டாட் திருகை 50 முதல் 55 டிகிரிக்குள் வையுங்கள். சூடு கூடக் கூட உப்புப் படிவதும் கூடும், தொட்டியின் சுவர் வழியே இழப்பும் கூடும். வாரம் ஒருமுறை மட்டும் 60 டிகிரிக்கு ஏற்றிவிடுங்கள். தேங்கும் வெந்நீரில் கிருமி வளராது. குளிக்கச் சற்று முன் போட்டு, எல்லோரும் அடுத்தடுத்துக் குளித்ததும் அணைத்துவிட வேண்டும். நாள் முழுக்க எரியும் சிவப்பு விளக்குதான் பெரிய செலவு.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரா? அப்படியென்றால் காயிலைப் பார்த்தே ஆக வேண்டும். வெள்ளைப் பொருக்கு ஏறிய காயிலிலிருந்து சூடு தண்ணீருக்கு இறங்கத் திணறும். காயில் தனக்குள்ளேயே வெந்து ஒருநாள் கருகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை எலக்ட்ரீசியனை அழையுங்கள். மெயினை அணைத்து, தொட்டி ஆறியபின் தண்ணீரை வடித்து, காயிலைக் கழற்றி சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்தால் பொருக்கு இளகும். சுத்தியலால் தட்ட விடாதீர்கள். கூடவே இருக்கும் மெக்னீசியக் கம்பி கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். தொட்டி துருப்பிடிக்காமல் காப்பது அதுதான்.

கீசரிலிருந்து குளியலறைக்கு வரும் குழாய் நீளமா? அதற்கு நுரை உறை போடுங்கள்.

புதிதாக வாங்குகிறவர்கள் நட்சத்திரக் குறியைப் பார்க்கலாம். 24 மணி நேரத்தில் தொட்டி இழக்கும் சூட்டை வைத்தே அது தரப்படுகிறது. மாடியில் வெயில் விழுமானால் சூரிய ஹீட்டர் இன்னும் நல்லது. ஆனால் உப்புத் தண்ணீருக்குச் செம்புக் குழாய்த் தட்டு வேண்டாம், அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக் குழாய் வகையைக் கேட்டு வாங்குங்கள்.