‘ஜாஸ்’ பள்ளிக்கூடம் போன கதை



நம்ம பள்ளி பேண்டில் நான் சைடு டிரம் வாசிக்கிறேன். போன மாதம் ஒத்திகையில் நானாக இரண்டு அடி சேர்த்து வாசித்துவிட்டேன். “இருக்கிறதை மட்டும் வாசிடா!” என்று சார் திட்டினார். அணிவகுப்பில் அப்படி வாசித்தால் எல்லார் காலும் தப்பிப் போகும், திட்டியது சரிதான். பிறகு அவரே கூப்பிட்டு, “இல்லாததை வாசிக்கவும் ஒரு இசை இருக்கு, ஜாஸ்னு பேரு. படிச்சுப் பாரு” என்றார். படித்ததை எழுதுகிறேன்.

ஜாஸ் என்றால் என்ன?

அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரில், 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கறுப்பின மக்களிடம் வளர்ந்த இசை. பாட்டின் மெட்டும் தாளமும் எல்லோருக்கும் பொது. அதன்மேல் ஒவ்வொருவராக, அந்த நேரத்தில் மனதில் தோன்றுவதை வாசிப்பார்கள். நம்ம கச்சேரியில் கற்பனை ஸ்வரம் பாடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லிக் கொடுத்தவர்கள் யார்?

லூயி ஆம்ஸ்ட்ராங்குக்கு 11 வயது. 1912 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் துப்பாக்கியை வானத்தைப் பார்த்துச் சுட்டுவிட்டார். போலீஸ் பிடித்துச் சிறுவர் இல்லத்தில் போட்டது. அங்கே பேண்டு நடத்திய பீட்டர் டேவிஸ் என்பவர்தான் அவருக்கு கார்னெட் வாசிக்க முறையாகக் கற்றுத் தந்தார். பின்னாளில் உலகமே கொண்டாடிய கலைஞருக்கு வகுப்பறையாக இருந்தது அந்த இல்லம்தான்!

அப்போது கறுப்பின மாணவர்களுக்குத் தனிப் பள்ளிகள். பர்மிங்ஹாம் நகரில் அப்படி ஒரு பள்ளியில் அச்சுத் தொழில் கற்பித்த ஜான் வாட்லி, 1917-இல் மாணவர் பேண்டு தொடங்கினார். சிகாகோவில் வால்டர் டயட் மிகவும் கண்டிப்பான ஆசிரியர். அவரிடம் படித்தவர்தான் புகழ்பெற்ற நாட் கிங் கோல்.

மூடிய கதவும் மறைத்த பெயரும்

ஜெர்மனியில் பிராங்க்பர்ட் இசைக் கல்லூரியில் 1928-இல் மாத்யாஷ் சைபர் ஜாஸ் வகுப்பு ஆரம்பித்தார். 1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் அதை மூடிவிட்டார்கள்.

அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்ந்தது? 1947-இல் வடக்கு டெக்சாஸ் கல்லூரி இதற்கு முதன்முதலாகப் பட்டப்படிப்பு கொண்டுவந்தது. ஆனால் ‘ஜாஸ்’ என்று சொன்னால் மரியாதை இல்லையாம். அதனால் ‘நடன பேண்டு’ படிப்பு என்று பெயர் வைத்தார்கள். படித்தது ஒன்று, சான்றிதழில் பெயர் வேறொன்று! இதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. தெருவிலும் கூடத்திலும் ஊரே கேட்டு ரசித்த இசை, வகுப்புக்குள் வர மட்டும் வேறு சட்டை போட வேண்டியிருந்தது.

1945-இல் பாஸ்டனில் லாரன்ஸ் பெர்க் தொடங்கிய சிறு இசைப்பள்ளி இன்று பெர்க்லி இசைக் கல்லூரி. 2014-இல் நம்ம ஏ.ஆர். ரஹ்மானுக்கு கௌரவ டாக்டர் பட்டம் தந்தது இதுதான். 1968-இல் ஜாஸ் ஆசிரியர்களுக்குத் தேசிய சங்கமும் அமைந்தது.

மனதில் தோன்றுவதைச் சொல்லிக் கொடுக்க முடியுமா?

முடியும். பெரிய கலைஞர்களின் இசைத்தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அப்படியே வாசித்துப் பழகுகிறார்கள். 1967 முதல் ஜேமி ஏபர்சோல்ட், பக்கவாத்தியம் மட்டும் உள்ள இசைத்தட்டுகளை வெளியிட்டார். அதைப் போட்டுவிட்டு வீட்டில் தனியாகவே பழகலாம். முதலில் இருக்கிறதை ஒழுங்காக வாசிக்க வேண்டும், சொந்தமாக வாசிப்பது அதற்குப் பிறகு. சார் திட்டியது இப்போதுதான் முழுசாகப் புரிகிறது!

சாருக்கு ஒரு சின்ன வேண்டுகோள்: சனிக்கிழமை ஒத்திகை முடிந்ததும் 10 நிமிடம் மட்டும், ஆளுக்கு ஒரு முறை, இல்லாததை வாசிக்க அனுமதி தருவீர்களா? கால் தப்பாமல் பார்த்துக்கொள்கிறோம்.



— பேண்டு குழு மாணவன், 11-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு