பந்தயத் தடமும் பயணச் சாலையும்

நுழையும்முன்
மோட்டார் நிறுவனங்கள் பந்தயங்களுக்குப் பெரும்பொருள் செலவிடுகின்றன. வெற்றிக் கோப்பை மட்டுமே அவற்றின் நோக்கமன்று. பிற காரணங்களை இப்பாடம் ஆராய்கிறது.

சிறுமலையிலிருந்து திண்டுக்கல் சமவெளிக்கு இறங்கும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அங்கே பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தும்போது உராய்வினால் வெப்பம் பெருகும். வெப்பம் மிகுந்தால் பிடிமானம் தளரும். மூடிய உருளைக்குள் இயங்கும் பிரேக்குகளில் இக்குறை மிகுதி.

1953ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் நடைபெற்ற 24 மணிநேரப் பந்தயத்தில், வட்டு பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வென்றது. திறந்த வட்டு காற்றுப்பட்டு விரைவில் குளிர்ந்தமையால், ஓட்டுநர்கள் வளைவை நெருங்கிய பின்னரே வேகத்தைக் குறைக்க முடிந்தது. காலப்போக்கில் அவ்வமைப்பு பொதுமக்களின் வண்டிகளிலும் இடம்பெற்றது.

நிறுவனங்கள் பெறும் பயன்கள் மூன்று. நெடுநாள் பயன்பாட்டில் தோன்றும் பழுது, பந்தயத்தில் ஒரே நாளில் வெளிப்படுகிறது. பொறியாளர்கள் விரைந்து தீர்வுகாணப் பழகுகின்றனர். வெற்றி, வாங்குவோரின் நம்பிக்கையை வளர்க்கிறது. ஓசூரில் ஆலை கொண்ட டி.வி.எஸ். நிறுவனம் 1982ஆம் ஆண்டிலேயே பந்தயப் பிரிவைத் தொடங்கியது. அப்பாச்சி வண்டிகளில் அதன் பட்டறிவு பயன்பட்டது.

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் எதிரே வண்டி வருவதில்லை. மருத்துவரும் தீயணைப்போரும் ஆயத்தமாக நிற்பர். திண்டுக்கல் நால்வழிச் சாலையோ, ஒட்டன்சத்திரம் சந்தைக்குச் செல்லும் காய்கறி வண்டிக்கும் பள்ளி செல்லும் சிறுவர்க்கும் பொதுவானது. பந்தயம் நமக்குத் தந்த நல்ல பிரேக், அச்சாலையில் உயிர் காப்பதற்கே உரியது.

சிந்தனை வினா
பந்தயத் தடத்திற்கும் பொதுச் சாலைக்கும் உள்ள வேறுபாடுகளை விளக்குக.