புளொக்செயின் வலையமைப்பை நிறுவுதலும் நிர்வகித்தலும்

இப்பாடத்தைக் கற்றபின் உங்களால்
• புளொக்செயின் என்பதை விளக்கவும்,
• கட்டுப்பாட்டுப் பலகை மூலம் வலையமைப்பை நிறுவும் படிமுறைகளைக் கூறவும்,
• அதன் பயனையும் வரையறையையும் வேறுபடுத்தவும் முடியும்.

1. அறிமுகம்

மாணவர்களே, இரத்தோட்டையில் பறிக்கப்படும் மிளகு, விவசாயி, ஊர்ச் சேகரிப்பாளர், மாத்தளை மொத்த வியாபாரி, கொழும்பு ஏற்றுமதியாளர் என நால்வரின் கைகளினூடாகச் செல்வதாகக் கொள்வோம். நால்வரும் தத்தமது கொப்பியில் நிறையை எழுதுகின்றனர். இறுதியில் மூடையில் பப்பாசி விதை கலந்திருப்பது தெரியவருகின்றது. கலந்தவர் யார்? நான்கு கொப்பிகளும் நான்கு கணக்குச் சொன்னால், தாம் நல்ல மிளகையே கொடுத்ததை நிரூபிக்க விவசாயியிடம் சான்று இராது.

நால்வரும் ஒரே பதிவேட்டின் பிரதியைத் தம்மிடம் வைத்திருந்து, ஒருவர் மட்டும் இரகசியமாக அதனை மாற்ற முடியாதவாறு அமைக்கும் முறையே புளொக்செயின் ஆகும்.

2. எவ்வாறு இயங்குகின்றது?

பதிவுகள் தொகுதிகளாகச் சேர்க்கப்படும். ஒவ்வொரு தொகுதிக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து ஒரு ‘ஹாஷ்’ பெறுமானம் கணிக்கப்படும். இது அத்தொகுதியின் கைரேகை போன்றது. எஸ்.எச்.ஏ.-256 முறையில் இது 256 பிற்றுகள் கொண்டது. ஒரு பதினறும இலக்கம் 4 பிற்றுகளைக் குறிப்பதால், அதனை 256 ÷ 4 = 64 இலக்கங்களில் எழுதலாம்.

ஒவ்வொரு தொகுதியும் முந்தைய தொகுதியின் ஹாஷைத் தன்னுள் கொண்டிருக்கும். பழைய பதிவில் 40 கிலோவை 45 கிலோ என மாற்றினால் அத்தொகுதியின் ஹாஷ் மாறும். அடுத்த தொகுதியுடனான இணைப்புப் பொருந்தாது. மற்றவர்களின் பிரதிகளுடன் ஒப்பிட்டவுடன் திருத்தம் வெளிப்படும். பிரதியை வைத்திருக்கும் கணினி கணு எனப்படும்.

3. இரு வகைகள்

• பொது வலையமைப்பு: எவரும் இணையலாம். உதாரணம்: 2009 இல் தொடங்கிய பிற்கொயின்.
• அனுமதி வலையமைப்பு: அடையாளம் உறுதிசெய்யப்பட்ட உறுப்பினர் மட்டுமே இணையலாம். உதாரணம்: ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் மென்பொருளில் அமைக்கப்படுபவை.

வால்மார்ட் நிறுவனம் ஐ.பி.எம். உடன் சேர்ந்து ஃபேப்ரிக்கைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்தியது. கடையிலுள்ள மாம்பழம் எந்தத் தோட்டத்தினது எனக் கண்டறிய முன்னர் ஏறத்தாழ 7 நாட்கள் சென்றன, புளொக்செயினில் 2.2 செக்கன் போதுமாயிற்று. வாசனைத் திரவியங்களின் மூலத்தை அறியும் புளொக்செயின் முறைக்காக இந்திய வாசனைத் திரவியச் சபை 2021 இல் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தி நிகழ்ச்சித்திட்டத்துடன் உடன்படிக்கை செய்தது. ஆந்திராவின் மிளகாய், மஞ்சள் விவசாயிகளிடம் இதனைப் பரீட்சிக்கத் திட்டமிடப்பட்டது.

4. கட்டுப்பாட்டுப் பலகை மூலம் நிறுவுதல்

முன்னர் இதற்கு நீண்ட கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. இன்று மேகக் கணிமைச் சேவைகள் இணைய உலாவியில் திறக்கும் கட்டுப்பாட்டுப் பலகையை வழங்குகின்றன. 2019 இல் அமேசன் பொதுப் பாவனைக்கு விட்ட சேவை இதற்கு உதாரணமாகும். எமது மிளகு வலையமைப்புக்குரிய படிமுறைகள்:

படி 1: வலையமைப்புக்குப் பெயரிட்டு மென்பொருளைத் தெரிதல்.
படி 2: வாக்களிப்பு விதியைத் தீர்மானித்தல். ‘50% இலும் கூட’ எனின், 4 உறுப்பினரில் 3 பேரின் சம்மதம் தேவை. 2 பேர் சரியாக 50% ஆவதால் போதாது.
படி 3: முதல் உறுப்பினரையும் நிர்வாகியையும் பதிவுசெய்தல்.
படி 4: ஏனையோருக்கு அழைப்பு அனுப்புதல், ஒவ்வொருவருக்கும் இலக்கமுறைச் சான்றிதழ் வழங்குதல்.
படி 5: ஒவ்வோர் உறுப்பினரும் தமது கணுவை உருவாக்குதல்.
படி 6: பதிவு விதிகளை எழுதிய செய்நிரலை நிறுவுதல். 100 கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே கிடைக்கும். எனவே ‘100 கிலோவிலிருந்து 60 கிலோ’ என்ற பதிவை இச்செய்நிரல் ஏற்காது மறுக்கலாம்.

5. நிர்வகித்தல்

நிர்வாகி பலகையில் கணுக்களின் நிலை, சேமிப்பிடம், சான்றிதழ்களின் காலாவதித் திகதி ஆகியவற்றைத் தவறாது பார்க்க வேண்டும். பதிவுகளை ஒழுங்குபடுத்தித் தொகுதியாக்கும் கணுக்களில் பாதிக்கு மேற்பட்டவை இயங்கினாலே ஃபேப்ரிக்கின் ‘ராஃப்ட்’ முறை தொழிற்படும். 3 கணுக்கள் இருப்பின் 1 பழுதடையலாம். 5 இருப்பின் 2 பழுதடையலாம். 4 இருப்பினும் 1 மட்டுமே பழுதடையலாம். ஆகவே ஒற்றை எண்ணிக்கையே சிக்கனமானது.

நினைவிற் கொள்க

• புளொக்செயின் பதிவின் மாற்றத்தைக் காட்டிக்கொடுக்கும். முதலில் எழுதியது உண்மையா என அறியாது. தராசு பொய்யானால் பதிவும் பொய்யே.
• நான்கு கணுக்களையும் ஏற்றுமதியாளர் ஒருவரே தமது கணக்கில் உருவாக்கி, கடவுச்சொற்களையும் தாமே வைத்திருந்தால், அது நான்கு பெயர் எழுதிய ஒரே கொப்பிதான். விவசாயிகள் சங்கத்திற்குச் சொந்தக் கணுவும் வாக்கும் இருந்தால் மட்டுமே அவர்களிடம் சான்று இருக்கும்.

மாதிரி வினாக்கள்

1. 5 உறுப்பினருள்ள வலையமைப்பில் ‘50% இலும் கூட’ என்ற விதிக்குத் தேவையான மிகக் குறைந்த வாக்குகள் யாவை?
(1) 2 (2) 3 (3) 4 (4) 5

2. ராஃப்ட் முறையில் 7 ஒழுங்குபடுத்தும் கணுக்களில் எத்தனை பழுதடைந்தாலும் வலையமைப்பு இயங்கும்?

3. சேகரிப்பாளர் 50 கிலோவை 45 கிலோ எனப் பதிந்து, எவரும் அதனைச் சரிபார்க்கவில்லை. புளொக்செயின் இதனைக் கண்டுபிடிக்குமா? காரணம் தருக.

விடைகள்

1. (2)
2. 3 (எஞ்சிய 4, பாதியிலும் கூடியது).
3. இல்லை. பதிந்தபின் செய்யப்படும் மாற்றமே வெளிப்படும். நிறுக்கும்போதே விவசாயியும் பார்த்து உறுதிப்படுத்தும் விதியைச் செய்நிரலில் சேர்த்தல் இதற்குத் தீர்வாகும்.