கண்ணாடி மாற்ற வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி

"கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தீர்கள்?" கண்ணாடி மாற்ற வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். மும்பை மாட்டுங்காவில் ஒரு கண்ணாடிக் கடையில் பல ஆண்டுகளாகக் கண் பரிசோதகராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தாராவி, செம்பூர் பக்கம் முகாம் நடந்தால் அங்கேயும் போவேன். பலருக்கு அந்தக் கேள்வி பிடிப்பதில்லை. பார்வை மங்குகிறதென்றால் ஒன்று சாளேஸ்வரம், இல்லாவிட்டால் கண்புரை என்று முடிவு கட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். ஒன்றுக்குக் கண்ணாடி, இன்னொன்றுக்கு ஆபரேஷன், அதோடு தீர்ந்தது. கண்ணில் எந்தக் கோளாறும் தொடங்காமலே, இதயத்திலோ ரத்தக் குழாயிலோ தொடங்கிய கோளாறு பார்வையைப் பறிக்கும் என்பதை நான் விளக்கிச் சொன்ன பிறகுதான் முகம் மாறுகிறது.

உடம்பைக் கிழிக்காமல் உள்ளே ஓடும் ரத்தக் குழாய்களை நேரடியாகக் கண்ணால் பார்க்க முடிகிற இடம் விழித்திரைதான். ஜெர்மனியின் ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851ல் அதற்கான கருவியை உலகுக்குச் சொன்னார். 1939ல் கீத், வேகனர், பார்க்கர் என்ற மூன்று மருத்துவர்கள் அமெரிக்காவில், ரத்த அழுத்த நோயாளிகளின் விழித்திரையைப் பார்த்து அவர்களை நான்கு படிகளாகப் பிரித்தார்கள். படி ஏற ஏற ஆயுள் குறைந்தது. இன்று இருக்கிற மாத்திரைகள் அன்று இல்லை. கண்ணுக்குள் தெரிந்த சேதம், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன நடக்கிறது என்பதை அப்போதே காட்டிக்கொடுத்தது.

தாராவியில் விடிவதற்கு முன்பே இட்லிப் பானையோடு கிளம்பிவிடும் ஒரு அம்மா முகாமுக்கு வந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "கண்ணாடி பழசாயிட்டு தம்பி, அதான் கீழ்ப்பக்கம் மங்கலாத் தெரியுது" என்றார். வலது கண்ணை மூடச் சொன்னால் மங்கல் அப்படியே இருந்தது. இடது கண்ணை மூடினால் எல்லாம் தெளிவு. ஒரே கண்ணில், அதிலும் கீழ்ப்பாதியில் மட்டும் மங்கலென்றால் அது கண்ணாடியின் வேலை இல்லை. பிரஷர் பார்த்தோம்: 190/110. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. "எனக்கு ஒண்ணும் செய்யலியே" என்றுதான் அவரும் சொன்னார்.

அவருக்கு இருந்தது விழித்திரைச் சிரையில் அடைப்பு. இது எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. விழித்திரையில் ரத்தத்தைக் கொண்டுவரும் தமனியும் திருப்பி எடுத்துச் செல்லும் சிரையும் ஒன்றையொன்று கடக்கும் இடங்களில் இரண்டையும் சுற்றி ஒரே உறைதான் இருக்கிறது. பிரஷர் பல வருஷம் கூடுதலாக இருந்தால் தமனியின் சுவர் தடித்து இறுகிவிடும். மெல்லிய சுவர் கொண்ட சிரையை, இறுகிப்போன தமனி அந்தக் கடக்கும் இடத்தில் அழுத்தும். தெருவில் இரும்புக் குழாய்க்குக் கீழே மாட்டிக்கொண்ட பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். நசுங்கிய இடத்தில் ரத்தம் தேங்கி உறையும், பின்னால் கசியும், விழித்திரையின் நடுப்பகுதி வீங்கும். மேல்பாதியில் அடைத்தால் கீழ்ப்பக்கப் பார்வை போகும். வீக்கம் வடிவதற்குக் கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள். கேட்கவே நடுங்கும், ஆனால் மரத்துப்போகும் சொட்டு விட்டுத்தான் போடுவார்கள், வலி மிகக் குறைவு. பெரும்பாலும் ஒரு ஊசியோடு தீராது, மாதக் கணக்கில் தொடர வேண்டியிருக்கும். பாதியில் நிறுத்துபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. இன்னொன்று, பிரஷரை அப்படியே விட்டுவிட்டு ஊசி மட்டும் போட்டுக்கொள்வதில் பாதிப் பலன்தான். அடுத்த அடைப்பு மறு கண்ணிலும் வரலாம், மூளையிலும் வரலாம்.

இதைவிட அவசரமானது தமனி அடைப்பு. மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி, "ஒரு அஞ்சு நிமிஷம் ஒத்தக் கண்ணுல கறுப்புத் திரை இறங்குன மாதிரி இருந்துச்சு தம்பி, அப்புறம் தானாச் சரியாயிட்டு. பித்தம்தான். எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடிச்சேன்" என்று பேச்சுவாக்கில் சொன்னார். நான் கண்ணாடிப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டேன். இதயத்திலிருந்து கழுத்து வழியாக மூளைக்குப் போகும் பெரிய தமனியிலிருந்துதான் கண்ணுக்கான கிளை பிரிகிறது. கழுத்துத் தமனியில் படிந்த கொழுப்புத் துணுக்கோ, தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தில் உறைந்த ரத்தக் கட்டியோ அந்த வழியாக வந்து விழித்திரைத் தமனியை அடைக்கும். சில நிமிஷத்தில் விலகிவிட்டால் பார்வை திரும்பும். விலகாமலே நின்றுவிட்டால் போனது போனதுதான். கண்ணுக்குப் போன கட்டி அடுத்த முறை மூளைக்குப் போனால் பக்கவாதம்.

பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சோஹன் சிங் ஹேரே, குரங்குகளின் கண்ணில் இந்த அடைப்பைச் சோதித்துப் பார்த்தார். தமனி அடைபட்டால் விழித்திரை சுமார் 100 நிமிஷம் வரை தாங்குகிறது. 4 மணி நேரம் ஆகிவிட்டால் மீளாத பெரும் சேதம் வந்துவிடுகிறது. அமெரிக்க இதயச் சங்கமும் 2021ல் விழித்திரைத் தமனி அடைப்பைப் பக்கவாதத்தின் ஒரு வடிவமாகவே கருதி அவசர சிகிச்சை தர வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டது.

ஆகவே ஒரு கண்ணில் திடீரென்று, வலியே இல்லாமல் பார்வை போனால், திரும்பி வந்திருந்தாலும் சரி, கண்ணாடிக் கடைக்கு வராதீர்கள். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். விளக்கெண்ணெய் விடுவது, கண்ணைக் கசக்குவது, பித்தத்துக்குக் கஷாயம் குடிப்பது எல்லாம் கையில் இருக்கும் நேரத்தைத் தின்றுவிடும். ஸ்கேனும் நரம்பியல் மருத்துவரும் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். தாராவிக்காரர்களுக்கு சயான் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம், பரேலில் கே.இ.எம். இருக்கிறது. வாகனம் இல்லையென்றால் 108. அங்கே போய் "கண் மங்குது" என்று சொன்னால் கண் பிரிவு வரிசையில் நிற்க வைத்துவிடக்கூடும். "இத்தனை மணிக்கு, இந்தக் கண்ணில், திடீரென்று பார்வை போயிற்று, வலி இல்லை" என்று சொல்லுங்கள். அண்ணாச்சியை அன்றைக்கே அனுப்பினோம். ஈ.சி.ஜி., எக்கோ, கழுத்துத் தமனிக்கு டாப்ளர் ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். கழுத்தில் அடைப்பு இருந்தது. இப்போது மருந்து சாப்பிடுகிறார், பீடியை விட்டுவிட்டார்.

இதற்கு நேர்மாறாக, மக்கள் அலறியடித்து ஓடிவருவது வெள்ளை விழியில் ரத்தச் சிவப்பாகத் திட்டு தெரியும்போது. இருமினாலோ முக்கினாலோகூட வரும். வலியும் இல்லை, பார்வையும் குறையவில்லை என்றால் பயப்பட வேண்டாம், ஓரிரு வாரத்தில் தானே மறையும். பிரஷரை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

வயதானவர்களுக்குத்தான் இதெல்லாம் என்றும் நினைக்க வேண்டாம். முப்பதைக்கூடத் தொடாத ஒரு பெண், தோல் பை தைக்கும் வேலை, ஒரு கண்ணில் பார்வை குறைந்து வந்தார். பிரஷரும் இல்லை, சுகரும் இல்லை. நாடி மட்டும் ஒழுங்கில்லாமல் அடித்தது. சின்ன வயதில் மூட்டு மூட்டாக வீங்கிக் காய்ச்சலில் கிடந்தது அவர் அம்மாவுக்கு நினைவிருந்தது. அது ருமாட்டிக் காய்ச்சல். தொண்டைப் புண் உண்டாக்கும் ஒரு கிருமியில் தொடங்கி, கவனிக்காமல் விட்டால் இதய வால்வைச் சுருக்கிவிடும். ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுத்துறங்கும் வீடுகளில் இந்தக் கிருமி எளிதாகப் பரவும். சுருங்கிய வால்வுக்குப் பின்னால் ரத்தம் தேங்கிக் கட்டியாகி, அதில் ஒரு துணுக்கு இவர் கண்ணுக்கு வந்துவிட்டது. பிள்ளைக்குத் தொண்டை வலிக்குப் பிறகு மூட்டு மாறி மாறி வீங்கினால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடச் சொன்னால் ஒருமுறைகூடத் தவற விடாதீர்கள். அந்த ஊசி வால்வைக் காப்பாற்றுகிறது, அதன் வழியாகக் கண்ணையும்.

மருந்து விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். செம்பூரிலிருந்து ஒரு மாமா வருவார். இதய மருத்துவரிடம் கொடுக்க எல்லா மாத்திரையையும் மாமி ஒரு நோட்டில் அழகாக எழுதி வைத்திருந்தார். கொஞ்ச நாளாக மாமாவுக்குக் களைப்பு, நாடி 48. நோட்டில் ஒரு பெயர் இல்லை: கண் நீர் அழுத்தத்துக்கு இரண்டு வேளையும் விட்டுக்கொண்டிருந்த டிமோலால் சொட்டு மருந்து. "அது கண்ணுக்குத்தானே" என்றார் மாமி. கண்ணில் விடும் சொட்டு மூக்குக்குள் இறங்கி ரத்தத்தில் கலக்கிறது. டிமோலால் இதயத் துடிப்பைக் குறைக்கும் வகையைச் சேர்ந்தது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சையும் இறுக்கும். பயந்துகொண்டு சொட்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அழுத்தம் ஏறிக் கண் நரம்பு கெடும். இரண்டு மருத்துவருக்கும் தெரியப்படுத்தினால் வேறு மருந்து மாற்றித் தருவார்கள். எந்தச் சொட்டானாலும் விட்டவுடன் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய மூலையை ஓரிரு நிமிஷம் விரலால் அழுத்திக்கொள்ளுங்கள், உடம்புக்குள் போவது குறையும்.

எதிர்த் திசையிலும் உண்டு, இதய மருந்துகள் கண்ணைத் தொடும். டிகாக்சின் அளவு கூடினால் எல்லாம் மஞ்சளாகத் தெரியலாம். அமியோடரோன் சாப்பிடுகிறவர்களுக்குக் கருவிழியில் மெல்லிய படிவு வரும், சிலருக்கு விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பிரினையோ ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தையோ சொந்த முடிவில் நிறுத்துவது பெரிய ஆபத்து. கண் மருத்துவரும் இதய மருத்துவரும் சேர்ந்து சொல்லட்டும்.

கடையில் கம்ப்யூட்டரில் பார்ப்பது கண்ணாடி பவரை மட்டும்தான். அதில் விழித்திரை தெரியாது. "சொட்டு விட்டு விழித்திரையைப் பாருங்கள்" என்று கண் மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கண் பாப்பா விரிய அரை மணி நேரம் ஆகும். பிறகு சில மணி நேரம் கிட்டத்தில் இருப்பது தெளிவாகத் தெரியாது, வெளிச்சம் கூசும். தனியாகப் போய்விட்டு தாதர் ஸ்டேஷன் படிக்கட்டில் தடுமாற வேண்டாம். துணைக்கு ஒருவரும் கறுப்புக் கண்ணாடியும் போதும். பிரஷரோ சுகரோ இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள். இமையின் மூக்குப்பக்கம் மஞ்சள் தடிப்பு தெரிந்தால் அழகு நிலையத்துக்குப் போகுமுன் கொலஸ்ட்ரால் பார்த்துவிடுங்கள். தட்டில் அப்பளம், ஊறுகாய், கருவாடு, ஃபர்சான் போன்ற உப்பு மிகுந்தவை குறையட்டும். பல் துலக்க மிஸ்ரி என்று கருக்கிய புகையிலையைத் தேய்க்கும் பழக்கம் மராத்தி அக்கம்பக்கத்தாரிடமிருந்து நம் பெண்களில் சிலருக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதுவும் புகையிலைதான், அதுவும் ரத்தக் குழாயைக் கெடுக்கும்.

மாட்டுங்காவுக்கு அடுத்த வடாலாவில் ஆதித்ய ஜோத் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர் நம் தமிழர், விழித்திரை நிபுணர் டாக்டர் எஸ். நடராஜன். 2013ல் பத்மஸ்ரீ பெற்றவர். நோயாளி தேடி வரட்டும் என்று காத்திராமல், மும்பையின் குடிசைப் பகுதிகளுக்கே போய் சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையைப் பரிசோதிக்கும் ஆய்வை அவரது குழு நடத்தியது. அந்த வழிதான் சரியென்பது என் எண்ணம்.

தமிழ்ச் சங்கங்களுக்கும் கோயில் அறக்கட்டளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் நடத்தும் கண் முகாம்களில் இலவசக் கண்ணாடி கொடுக்கிறீர்கள், புரை இருப்பவர்களைப் பிரித்தெடுக்கிறீர்கள். எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு பிரஷர் கருவியும், அதை இயக்கத் தெரிந்த ஒருவரும் இருக்கட்டும். பிரஷர் கூடுதலாக இருப்பவரைக் கண்ணாடியோடு மட்டும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். கையில் ஒரு சீட்டும், அதை எடுத்துக்கொண்டு எந்த ஆஸ்பத்திரிக்கு எந்த நாளில் போக வேண்டும் என்ற விவரமும் கொடுத்து அனுப்புங்கள்.