வான்வழி வித்தையும் மாச்சரியமும்



நண்பர் இருவர் ஒரே பேற்றை விரும்புகின்றனர். ஒருவர் நெடுநாள் முயன்று காத்திருக்க, மற்றவர்க்கு அது நொடிப்பொழுதில் கிட்டிவிடுகின்றது. அந்நாள் வரை ஒரே இலையில் உண்டவர்கள் மறுநாள் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. இஃது எங்கும் காணும் காட்சியே. கிட்டிய பேறு மக்கட்கு அரிதான தெய்வ ஆற்றலாக இருந்துவிட்டால், நட்பு நிலைக்குமா என்று கேட்கவும் வேண்டுமோ? இவ்வினாவுக்கு விடையாகும் கதையொன்று நம் அறநூல் மரபில் உண்டு. நாம் அதனை வேறொரு பொருளுக்கு எடுத்துக்காட்டாகவே கேட்டுப் பழகிவிட்டோம். அது அஞ்சன சோரன் கதை.

சமந்தபத்திர சுவாமிகள் 150 சுலோகங்களில் அருளிய இரத்தின கரண்டகம், நற்காட்சியின் எட்டு உறுப்புகளுக்கும் எட்டுப் பேரை எடுத்துக்காட்டாகப் பெயர் சுட்டுகின்றது. அதனை அடியொற்றித் தமிழில் எழுந்ததே அருங்கலச்செப்பு. எட்டனுள் முதலாவதாகிய ஐயமின்மைக்கு அஞ்சன சோரனே சான்று. அவன் கதையைப் பிரபாசந்திரர் தம் உரையில் விரித்துரைக்கின்றார்.

கதைச் சுருக்கம்

முற்பிறவியில் தன்வந்திரி, விசுவலோமன் என்னும் பெயருடைய இருவர் அமிதப்பிரபன், வித்யுத்பிரபன் என்னும் தேவர்களாகப் பிறந்தனர். யார் கொண்ட நெறி உறுதியுடையது என்பதில் அவர்களிடையே போட்டி எழுந்தது. மகத நாட்டு இராசகிருக நகரில் ஜினதத்தன் என்னும் வணிகர், தேய்பிறைச் சதுர்த்தசி இரவில் உண்ணா நோன்பிருந்து சுடுகாட்டில் காயோற்சர்க்கமாக நின்றிருந்தார். "எம் முனிவர்கள் இருக்கட்டும், இந்த இல்லறத்தானை அசைத்துப் பார்" என்றான் அமிதப்பிரபன். வித்யுத்பிரபன் இரவெல்லாம் பலவகை இடையூறுகள் செய்தும் அவர் அசையவில்லை. விடிந்ததும் மாயையை விலக்கி, அவரைப் புகழ்ந்து, வானில் செல்லும் வித்தையை அவர்க்கு அளித்தான். பிறரும் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை விதிப்படி சாதித்து இதனைப் பெறலாம் என்ற வழியும் உடன் தரப்பட்டது.

அன்று முதல் ஜினதத்தர் நாள்தோறும் வான்வழியே சென்று மேருவிலுள்ள இயற்கைச் சைத்தியாலயங்களை வணங்கி வந்தார். சோமதத்தன் என்னும் பூக்கொணரும் இளைஞன், "விடியலில் தாங்கள் எங்கே செல்கின்றீர்கள்?" என்று கேட்டான். அவர் மறைக்கவில்லை. "எனக்கும் அவ்வித்தையை அருளுங்கள், பூக்களைச் சுமந்து உடன்வந்து வழிபடுவேன்" என்றான். அவர் உடனே முறையைக் கற்பித்தார்.

சுடுகாட்டு ஆலமரக் கிளையில் 108 புரிகளைக் கொண்ட தருப்பை உறியொன்று கட்டப்பட்டது. அதன் கீழ்க் கூரிய படைக்கலங்கள் முனை மேல்நோக்க நடப்பட்டன. உறியிலிருந்து மந்திரத்தை ஓதி ஒவ்வொரு புரியாக அறுக்க வேண்டும். சோமதத்தன் ஏறினான், கீழே மின்னும் முனைகளைக் கண்டான். பெரியவர் சொன்னது பொய்யானால் உயிர் போய்விடுமே என்று அஞ்சி இறங்கினான். மீண்டும் ஏறினான், மீண்டும் இறங்கினான்.

அவ்வேளையில், அரசியின் ஆரத்தைக் கவர்ந்து, காவலர் துரத்த அதனைப் போட்டுவிட்டு ஓடிவந்த அஞ்சனன் அங்கே வந்து சேர்ந்தான். செய்தியைக் கேட்டான், சோமதத்தனிடமே மந்திரத்தைக் கற்றான், ஐயம் சிறிதுமின்றி உறியேறிப் புரிகள் அனைத்தையும் ஒருசேர அறுத்தான். கீழே விழுமுன் வித்தை அவனைத் தாங்கி, "ஆணை யாது?" என்றது. "ஜினதத்தரிடம் கொண்டு செல்" என்றான். மேருவில் அவரைக் கண்டான். சாரண முனிவரிடம் துறவு பூண்டான். முடிவில் கயிலையில் வீடுபேறு எய்தினான்.

வகுப்பில் எழுந்த வினா

யாம் பல்லாண்டுகளுக்கு முன் காட்டுப்பள்ளிப் பகுதியில் ஆசிரியப் பணி செய்தோம். எண்ணூருக்கு வடக்கே, கிழக்கில் வங்கக்கடலும் மேற்கில் உப்பங்கழியும் சூழ்ந்த மணல்வெளி அது. இன்று அங்கே துறைமுகம் உள்ளது. 2013இல் அது இயங்கத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்னர் நிகழ்ந்ததையே ஈண்டுக் கூறுகின்றோம். பழவேற்காடு ஏரியையும் கடலையும் நம்பி வாழும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளே எம் மாணவர்கள். நீதிபோதனை வகுப்பில் ஒருநாள் இக்கதையைச் சொல்லி, "மறுநாள் காலையில் சோமதத்தன் என்ன நினைத்திருப்பான்?" என்று கேட்டோம். கதை அவனைப் பற்றி அதன்பின் ஒன்றும் சொல்லவில்லை.

"வயிறு எரிஞ்சிருப்பான் டீச்சர்" என்றான் ஒரு சிறுவன். "உறி கட்டினது அவன், பூ வெச்சது அவன். திருடன் வந்து தட்டிக்கிட்டுப் போயிட்டான்."

பின்வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள். "தட்டிக்கிட்டு எங்க போனான்? உறிதானே அறுந்துச்சு, மந்திரம் போயிடலையே? வேற உறி கட்டிக்கட்டும். அன்னிக்கு அவன் பாடு இல்ல, அவ்வளவுதான்" என்றாள்.

பாடு என்பது அவ்வூர்ச் சொல். ஏரியில் மீன்படும் நல்ல இடங்கள் சிலவே. ஒருவரே அவற்றைப் பிடித்துக்கொண்டால் ஊர் பிளவுபடும். ஆதலின் இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலையிடலாம் என்று முறை வகுத்து, இடங்களைச் சுழற்சியாக மாற்றிக்கொள்ளும் வழக்கம் பழவேற்காட்டு ஏரியூர்களில் வழிவழியாக உண்டு. அடுத்தவர் இன்று நல்ல இடத்தில் நின்றால், அது தன்னிடமிருந்து பறித்ததன்று. தன் முறையும் வரும் என்னும் தெளிவை இவ்வழக்கம் தருகின்றது.

வலைத்தொழில் நம் கொல்லாமை நோன்புக்கு ஒவ்வாதது. ஆயினும் அவர்களிடமுள்ள பகிர்ந்துண்ணும் ஒழுங்கைக் காண மறுப்பது நமக்குத் தகாது. பிறரிடம் உள்ள நற்குணத்தை மறைப்பது தாழ்ந்த கோத்திர வினைக்குக் காரணம் என்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் கூறுவதை நாம் மறத்தலாகாது.

மாச்சரியம் யாருடையது?

அன்று நாம் சோமதத்தனின் பொறாமையைப் பற்றியே பேசினோம். இல்லாதவனுக்கே பொறாமை வரும் என்பது பொதுக் கருத்து. பின்னர் உமாசுவாமிகளின் நூலைப் பூச்சியபாதர் உரையோடு பயின்றபோதுதான் எம் எண்ணம் தலைகீழாயிற்று.

ஞானாவரணீயம், தரிசனாவரணீயம் என்னும் வினைகள் உயிரில் ஊறுதற்குரிய காரணங்கள் ஆறு என்று அவ்வத்தியாயத்தின் பத்தாம் சூத்திரம் எண்ணுகின்றது. அவற்றுள் ஒன்று நின்னவம்; அஃதாவது, அறிந்ததை அறியேன் என்று மறைத்தல். மற்றொன்று மாச்சரியம். கொடுக்கத்தக்க அறிவை, பெறத்தக்கவன் வந்து கேட்டும் கொடாதிருத்தலே ஈண்டு மாச்சரியம் எனப்படும். ஆகவே, நூல் இங்கே சுட்டுவது இல்லாதவனின் ஏக்கத்தை அன்று, உடையவனின் பொறாமையை. கேட்பவன் கற்றுக்கொண்டால் தனக்கு ஒப்பாகிவிடுவான் என்ற அச்சமே அதன் வேர். அதன் பயனும் அவ்வினைக்குப் பொருத்தமாகவே அமைகின்றது. பிறர் அறிவுக்குத் திரையிட்டவனுக்கு அத்திரை தன் அறிவின்மேல் விழுகின்றது.

இவ்வுரைகல்லில் கதையை உரைத்துப் பாருங்கள். போட்டியில் தோற்ற வித்யுத்பிரபன், வென்ற நெறியைப் பழிக்காமல் புகழ்ந்து பரிசளித்தான். ஜினதத்தர், வானிற் செல்லும் பெருமை தமக்கே இருக்கட்டும் என்று எண்ணாமல் பூக்காரனுக்கும் வழி சொன்னார். சோமதத்தனோ, தனக்கு இன்னும் கைகூடாத மந்திரத்தையும் ஒரு திருடனுக்கு மறைக்காமல் கற்பித்தான். அஞ்சனன் வீடுபேறு எய்தியதற்கு அவனது ஐயமின்மை காரணம் என்பது உண்மை. ஆனால் அந்த மந்திரம் அவன் காதில் விழுந்தது, மூன்று இடங்களில் மூவர் பொறாமைப்படாமல் இருந்ததனால் அன்றோ? சோமதத்தனுக்குத் துணிவு குறைவு; மாச்சரியம் இல்லை. அவனை நாம் கோழை என்று மட்டும் சொல்லி விட்டுவிடுவது முறையாகுமா?

எம் குற்றம்

இதனை எழுதும் தகுதி எமக்கு உண்டா என்னும் தயக்கம் இருந்தது. ஆதலின் ஒன்றைச் சொல்லிவிடுதல் நலம்.

ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் எமக்கு உயிர்த்தோழி ஒருவர் இருந்தார். மாதிரிப் பாடம் நடத்தும் முறை வந்தபோது, பனையோலையை மடித்தும் கிழித்தும் பின்னக் கணக்கை விளக்கும் வழியொன்று எமக்குப் புலப்பட்டது. அதற்கு முன் அரையும் காலும் விளங்காத பிள்ளைகள் ஓலையைக் கண்டதும் தாமே விடை சொன்னார்கள். எமக்கு அது தெய்வம் தந்த வித்தையாகவே தோன்றிற்று. தோழி வந்து, "எப்படிச் செய்தாய்? எனக்கும் நாளை அதே பாடம்தான்" என்று கேட்டார். "எனக்கே இன்னும் சரியாக வரவில்லை" என்று சொன்னோம். பொய். மறுநாள் அவர் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்தார், பிள்ளைகள் விழித்தனர், மேற்பார்வையாளர் குறிப்பேட்டில் கடுமையாக எழுதினார். அன்றிரவும் தோழி எமக்கே முதலில் சோறு பரிமாறினார். அந்தச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

நின்னவமும் மாச்சரியமும் ஒருங்கே நிகழ்ந்த குற்றம் அது என்பது நூலைப் பயின்ற பின்னரே விளங்கிற்று. அப்போது அவரைத் தேடிச் சென்று சொல்லியிருக்கலாம். இன்று நாளை என்று தள்ளிப்போட்டோம். அவர் இப்போது இல்லை. மன்னிப்புக் கேட்பதற்கும் ஒரு பாடு உண்டு. அது தவறினால் மீண்டும் வருவதில்லை.

பங்கிடக் குறையாத பொருள்

ஏரிக்கும் அறிவுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. ஏரியின் இடம் அளவுக்குட்பட்டது. ஒருவர் நின்ற இடத்தில் அந்நாளில் மற்றவர் நிற்க இயலாது. அதனாலேயே முறை வகுக்க நேர்கின்றது. முறைக்குள் உள்ளவர்க்கு அது காப்பு, வெளியே நிற்பவர்க்கு அது மதில். பாட்டுரிமை இல்லாதவர்க்கும் உள்ளவர்க்கும் ஏரியில் பூசல்கள் எழுந்ததும் உண்டு. அறிவுக்கோ முறையும் வேண்டா, மதிலும் வேண்டா. ஜினதத்தர் கற்பித்ததனால் அவர் வானிற் செல்லும் உயரம் ஒரு முழமும் குறையவில்லை. பங்கிடக் குறையாத பொருளைப் பங்கிட மறுப்பவனுக்குச் சொல்ல யாதொரு காரணமும் இல்லை. நம் துறவோர் உறைந்து அறம் உரைத்த இடத்திற்குப் பள்ளி என்று பெயர்; அச்சொல்லையே இன்று கல்விச்சாலைக்கு வழங்குகின்றோம்.

மாச்சரியத்திற்கு மருந்தையும் தத்துவார்த்த சூத்திரமே சொல்கின்றது. ஏழாம் அத்தியாயத்தின் பதினோராம் சூத்திரம் நான்கு பாவனைகளைக் கூறும்: எல்லா உயிரிடத்தும் நட்பு, குணத்தால் மிக்காரிடத்து உவகை, துன்புறுவாரிடத்து இரக்கம், திருந்தாதாரிடத்து நடுவுநிலை. இரண்டாவதாகிய உவகையே பிரமோதம். நண்பர் நம்மினும் உயரும் நாளே அதனைப் பயிலும் நாள்.

பேறு பெற்றவனுக்கும் ஒரு கடமை உண்டு. காவலரிடமிருந்து தப்பவும் கைவிட்ட ஆரத்தை மீட்கவும் வல்ல ஆற்றல் கிட்டிய கணத்தில், அஞ்சனன் கேட்டது வழிகாட்டியவரைக் காண்பதே. நன்றியறிதல் முன்னே செல்லுமாயின் செருக்கு பின்னே வர இடமில்லை. பின்னர் அவ்வாற்றலையும் அவன் பெரிதாகப் போற்றவில்லை, துறவையே நாடினான். ஆகவே இக்கதை வித்தைக்கு ஆசை மூட்ட வந்ததன்று என்பதைப் பிள்ளைகட்குச் சொல்லும்போது மறவாமல் உணர்த்துக.

பயிற்சி வினாக்கள்

1. ஞானாவரணீய வினைக்குக் காரணமாகும் மாச்சரியம், பொதுவாகப் பொறாமை என்று நாம் கூறுவதனின்று எவ்வாறு வேறுபடுகின்றது?

2. இக்கதையில் பொறாமை புகுந்திருக்கக்கூடிய இடங்கள் எவை? ஒவ்வோரிடத்தும் அது புகாமைக்குக் காரணம் யாது?

3. மறுநாள் காலையில் சோமதத்தன் அஞ்சனனைக் கண்டிருப்பின் என்ன பேசியிருப்பான்? பிள்ளைகளைச் சொல்லச் செய்க.

4. சமையற் பக்குவம், தொழில் நுணுக்கம், தேர்வுக் குறிப்பு ஆகியவற்றுள் நாம் கேட்டவர்க்கு மறைத்தது எது? இன்று மாலை சாமாயிகத்தில் எண்ணிப் பார்க்க.

ஈற்று வினாவுக்கு விடை கிடைத்தவர்கள், கேட்டவர் உயிரோடிருக்கும்போதே சென்று கற்பித்து வருவார்களாக.

அருகன் அறம் வாழ்க!