‘நல்ல பையன்’ என்றால் என்ன?

சில வருடங்களுக்கு முன் எனது கடைக்கு ஒரு பையனை எடுத்தேன். மச்சான்தான் கூட்டி வந்தார். “நல்ல பையன், யோசிக்காமல் எடுங்க” என்றார். பையன் நல்லவன்தான், ஐந்து சதம் எடுக்கமாட்டான். ஆனால் கணக்கு வராது. வருட முடிவில் சரக்கு எண்ணியபோது புத்தகத்துக்கும் இறாக்கைக்கும் இடையில் பெரிய துண்டு விழுந்தது. மச்சான் சொன்ன ‘நல்ல’ மரியாதையைப் பற்றியது. நான் தேடியது வேறு. அவரும் பொய் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இதே தலைவலி கோடிக்கணக்கான டொலர் புரளும் ஒரு தொழிலிலும் உண்டு. அமெரிக்காவின் என்.எப்.எல். உதைபந்தாட்டத்தைச் சொல்கிறேன். பெயர்தான் உதைபந்து, பார்வைக்கு நமது ரக்பிக்குக் கிட்டியது. அங்கே 32 அணிகள் உள்ளன. கல்லூரிகளில் விளையாடிய இளைஞர்களை வருடத்துக்கு ஒருமுறை, ஏப்ரல் மாதத்தில், 7 சுற்றுகளாகத் தெரிவு செய்கிறார்கள். இந்த முறை 1936இல் தொடங்கியது. சென்ற பருவத்தில் ஆக மோசமாகத் தோற்ற அணிக்கே முதல் வாய்ப்பு. அந்த வாய்ப்பை மற்ற அணிகளுக்குக் கைமாற்றவும் முடியும். ஆகவே அதற்கும் ஒரு விலை உண்டு.

பருவம் முழுவதும் அணியின் ஆட்கள் கல்லூரி கல்லூரியாக அலைவார்கள். பயிற்சியைப் பார்ப்பார்கள், ஒளிப்பதிவைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள், பயிற்றுநரிடம் பையனின் குணத்தை விசாரிப்பார்கள். பிறகு இண்டியானாபொலிஸ் நகரில் ஒரு பெரிய பரிசோதனை நடக்கும். 40 யார் ஓட்டம், 225 இறாத்தல் பாரம் தூக்குதல், உயரப் பாய்தல், வைத்தியப் பரிசோதனை, நேர்முகம் என்று பல உண்டு.

எனக்குப் பிடித்த கதை டல்லாஸ் கவ்போய்ஸ் அணியுடையது. 1960களில் அதன் முகாமையாளர் டெக்ஸ் ஷ்ராமுக்கு ஒரு சந்தேகம். ஆள் பார்க்கப் போகிறவர்கள் எழுதும் அறிக்கைகளில் ஒருவரின் ‘வேகம்’ மற்றவரின் ‘வேகம்’ அல்லவே? அவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் பக்கம் போனார். அங்கே கிடைத்தவர் சலாம் குறைஷி. அலிகாரில் படித்த இந்தியப் புள்ளிவிபரவியலாளர். கிரிக்கெட் தெரியும், இந்த விளையாட்டு அறவே தெரியாது. அதுவே நல்லதாய்ப் போயிற்று என்று நினைக்கிறேன். தெரிந்தவர் கேட்க வெட்கப்படும் கேள்வியை அவர் கேட்டிருப்பார். நூற்றுக்கணக்கான அம்சங்களைச் சல்லடை போட்டுக் கடைசியில் ஐந்து தலைப்புகளுக்குக் கொண்டு வந்தார்கள்: குணம், சுறுசுறுப்பும் உடல் கட்டுப்பாடும், போட்டி மனம், புத்திக் கூர்மை, பலம். எல்லோரும் ஒரே சொல்லை ஒரே பொருளில் எழுத வேண்டும், எண்ணாகப் போட வேண்டும் என்பதே ஏற்பாடு. 1966 முதல் 1985 வரை 20 பருவங்கள் தொடர்ந்து அந்த அணி தோல்விகளைவிடக் கூடுதல் வெற்றிகளைப் பெற்றது. எல்லாம் கணினியின் புண்ணியம் என்று நான் சொல்லமாட்டேன். நல்ல பயிற்றுநரும் இருந்தார்.

இவ்வளவு அளந்தும் தவறு நடக்கிறது. 2000ஆம் ஆண்டு ரொம் பிராடி 199ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். 40 யார் ஓட அவருக்கு 5.28 செக்கன் சென்றது, மிக மந்தம். பிறகு 7 சுப்பர் போல் கிண்ணங்களை வென்றார். அவரைக் கண்டுபிடித்த அணி என்று நியூ இங்கிலாந்தைப் புகழ்வார்கள். அந்த அணியே அவருக்கு முன் வேறு ஆறு பேரை எடுத்திருந்தது! மறுபுறம், 1998இல் இரண்டாவது ஆளாக எடுக்கப்பட்ட ரயன் லீஃபை சன் டியாகோ அணி 2001இல் விடுவித்துவிட்டது.

கேட் மெஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் கணக்குப் பார்த்தார்கள். ஒரே இடத்தில் ஆடும் இருவர் அடுத்தடுத்து எடுக்கப்பட்டால், முன்னே எடுக்கப்பட்டவரே மேலானவராக வருவது ஏறக்குறைய 52 வீதம்தான். காசைச் சுண்டிப் போடுவதைவிடக் கொஞ்சம் மேல். அப்படியிருந்தும் முன்வரிசை ஆள் ஒருவருக்காகப் பின்வரிசை வாய்ப்புகள் பலவற்றைக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரே ‘கெட்டிக்கார’ சேல்ஸ்மனுக்கு இரண்டு பேரின் சம்பளத்தைக் கொடுத்து இழுக்கும் நமது கடைக்காரர்களை இது எனக்கு நினைவூட்டியது.

இதையெல்லாம் படித்த பிறகு நானும் ஒரு தாள் தயாரித்தேன். எனது ஐந்து தலைப்புகள்: நாணயம், கணக்கு, பேச்சு, நேரம், பாரம் தூக்கும் உடம்பு. நான், கெஷியர், மச்சான் மூவரும் பையனைத் தனித்தனியே பார்த்து, ஒருவரோடொருவர் பேசுவதற்கு முன்பே பத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும். கணக்குக்கு வாய்ப்பேச்சு போதாது. பழைய பில் கட்டு ஒன்றைக் கொடுத்துக் கூட்டச் சொல்வோம். ஆறு மாதம் கழித்து அந்தத் தாள்களை எடுத்து, யார் சரியாகப் போட்டது என்று பார்ப்போம்.

முதல் வருடத் தாள்களை எடுத்துப் பார்த்தபோது, மச்சான் எல்லாப் பையன்களுக்கும் கணக்குக்கு 8 போட்டிருந்தார். இப்போது அந்தத் தலைப்பை அவரிடம் கொடுப்பதில்லை. நாணயத்துக்கு அவர் போட்ட எண்கள் மட்டும் இதுவரை பிழைக்கவில்லை.